மடியில் வந்த கோரை

சபிதாவைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை உண்டா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் அவளைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் பாதிக் கதையைத்தான் பேசுகிறார்கள். மீதிப் பாதியில் நான் இருக்கிறேன். அதனால் நானே எழுதிவிடுவது நல்லது.

என் பெயர் ஞானசிங். முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். மாவட்டப் போட்டியில் இருநூறு மீட்டர் ஓட்டத்தில் என் சொந்த மகன் முதலாவதாக வந்தபோது, வளைவில் கோட்டை மிதித்தான் என்று நானே கொடியைத் தூக்கி அவனை வெளியே அனுப்பினேன். அதற்குப் பிறகு மூன்று நாள் வீட்டில் எனக்குச் சோறு கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட ஆளுக்கு ஓய்வுக்குப் பிறகு பொருத்தமான ஒரு வேலையும் கிடைத்தது. குலசேகரத்துக்கு மேலே, மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு தனியார் கோல்ஃப் கிளப்பில், ஆட வருகிறவர்களை நேரப்படி அனுப்புவது, ஸ்கோர் கார்டைக் கூட்டிப் பார்ப்பது, சட்டத்தில் தகராறு வந்தால் தீர்த்துவைப்பது. என் வாய்க்கும் என் குணத்துக்கும் ஏற்ற வேலை.

அந்த இடம் முதலாளி பொன்னுலிங்கத்தின் அப்பா காலத்து ரப்பர் தோட்டம். பால் வற்றிய மரங்களை வெட்டித் தள்ளிவிட்டு, அயனி, தேக்கு, மகோகனி, புளி எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே விட்டு, நடுவில் புல் போட்டுப் பதினெட்டுக் குழி வெட்டினார். உறுப்பினர்கள் எல்லாரும் திருவனந்தபுரத்திலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் காரில் வருகிற பெரிய ஆட்கள். இந்த மைதானத்தை அமைத்தவர் யார்மேல் இருந்த கோபத்தில் அமைத்தாரோ, தெரியவில்லை. ஐந்தாம் குழிக்கு அடிக்க வேண்டுமானால் இரண்டு அயனி மரங்களுக்கு நடுவே ஒரு லாரி நுழையும் அகலம்தான் இருக்கும். எட்டாம் குழியில் நேராக அடித்த பந்தையும் சரிவு இழுத்துக் காட்டுக்குள் தள்ளிவிடும். பதினான்காம் குழி ஓடைக்கு அக்கரையில். இந்த ஆட்டத்தில் பந்தை அடிக்கிற எண்ணிக்கை குறையக் குறையத்தான் கெட்டிக்காரத்தனம். நூறே அடியில் பதினெட்டுக் குழியையும் முடித்தால் அன்றைக்கு அந்த ஆள் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுப்பார்.

குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிவைத்த புல்தரைக்கு கிரீன் என்று பெயர். நம் மாவட்டத்தில் ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. புல் வளர்வதைவிட வேகமாகக் களை வளரும். ஓடைத் தண்ணீர் கீழே வயலுக்குப் போவதால் மருந்து அடிக்க முதலாளி சம்மதிக்கமாட்டார். ஆறு பெண்கள் உட்கார்ந்த வாக்கில் நகர்ந்து நகர்ந்து கையாலேயே பறிப்பார்கள். அவர்களில் ஒருத்திதான் சபிதா.

அவள் பூதப்பாண்டிப் பக்கத்துக்காரி. சிறு வயதிலேயே நெல்வயலில் களை பறிக்க இறங்கியவள். ரப்பர் வெட்டும் ராஜகுமாரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். கிளப் தொடங்கிய நாளிலிருந்து இருக்கிறாள், பன்னிரண்டு வருடம். இப்போது நாற்பத்தொரு வயது. ஏதோ வெளிநாட்டுப் புல் என்று குளிரூட்டிய வண்டியில் கொண்டுவந்து இறக்கியபோது அவள் ஒரு துணுக்கைக் கிள்ளிப் பார்த்துவிட்டுச் சொன்ன வார்த்தை கிளப்பில் இன்னும் உலவுகிறது. "இது நம்ம அறுகம்புல்லுக்க சாதில்லா! இதுக்கா இவ்வளவு பத்திரம்?"

பறித்த களையைத் தரையில் போடக்கூடாது என்பது அந்தப் பெண்களின் கட்டுப்பாடு. விதை விழுந்தால் பத்தாக முளைக்கும். அதனால் இடுப்பில் தோர்த்துத் துண்டைக் கட்டி, முன்பக்கம் மடி போல விட்டு, பறித்ததை எல்லாம் அதற்குள் போட்டுக்கொள்வார்கள். வேலை முடிந்து போகும்போது கொட்டகைக்குப் பின்னால் உள்ள தொட்டியில் மடியை உதறிவிட்டுப் போவார்கள்.

சபிதா ஆடுவாள் என்பது எனக்குத் தெரியவந்த நாளை நான் மறக்கமாட்டேன். திங்கட்கிழமை கிளப்புக்கு விடுமுறை. மறந்துவைத்த மூக்குக்கண்ணாடியை எடுக்க வந்தவன் ஒன்பதாம் கிரீன் பக்கம் திரும்பிப் பார்த்தேன். சேலைமேல் ஆண்சட்டை போட்ட ஒரு பெண், வெறும் காலோடு, யாரோ விட்டுப்போன பழைய மட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பந்துக்கும் குழிக்கும் நடுவே ஏழு கெஜம் இருக்கும். அவள் குழியைப் பார்க்கவே இல்லை, குழிக்கு இடது பக்கமாக எங்கேயோ தட்டினாள். பந்து வளைந்து வளைந்து போய்க் குழிக்குள் விழுந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதே இடத்தில் ஒரு ஓய்வுபெற்ற நீதிபதி நான்கு முறை தட்டி, ஐந்தாவது முறை கெட்ட வார்த்தை சொன்னதை முந்தின வாரம்தான் கேட்டிருந்தேன்.

"எப்படிட்டி அடிச்சே?" என்று கத்தினேன்.

அவள் பயந்து மட்டையைக் கீழே போட்டுவிட்டாள். பிறகு சொன்னாள்: "இங்கன பைய ஒரு சரிவு உண்டு சாரே. மழைத் தண்ணி இந்த வழியாத்தான் போவும். இதுல எத்தனை நாளு குத்தவச்சு இருந்திருக்கேன், எனக்குத் தெரியாதா?"

அவ்வளவுதான் அவளுடைய வித்தை. பதினெட்டு கிரீனிலும் அவள் உட்காராத சாண் இடம் கிடையாது. மற்ற அடிகளையும் கீழே இருந்தே கற்றிருந்தாள். களை பறிக்கிறவளின் கண் உயரத்தில் ஆடுகிறவனின் காலும் மட்டையும்தான் தெரியும். எவன் குதிகாலைத் தூக்கினால் பந்து காட்டுக்குப் போகிறது, எவன் முட்டியை மடக்கினால் நேராகப் போகிறது என்று வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறாள். அவள் அடி தூரம் போகாது. ஆனால் கோணாது. தூரமாக அடிக்கிறவர்கள் காட்டுக்குள் பந்து தேடிக்கொண்டிருக்கும்போது இவள் நடுப்புல்லில் நடந்து போய்விடுவாள்.

நான் முதலாளியிடம் சொன்னேன். அவரும் வந்து பார்த்து, இன்னொரு முறை அடிக்கச் சொன்னார். அதற்குப் பிறகு திங்கட்கிழமைகளில் வேலைக்காரர்கள் ஆடலாம் என்று அனுமதி கிடைத்தது. தொடர்ந்து ஆடியது இவள் ஒருத்திதான். மற்றப் பெண்கள், "உனக்கு வெயில்ல நின்னது போதாதாக்கும்" என்று சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

போன வருடம் புல் மேற்பார்வை பார்த்தவர் மஸ்கட்டுக்குப் போனார். அந்த இடத்துக்கு வெளியிலிருந்து டிப்ளமோ படித்த ஆளைக் கொண்டுவர வேண்டும் என்று கமிட்டியில் பேச்சு நடந்தது. சபிதா நேராக முதலாளியின் அறைக்குள் போய், அந்த வேலை தனக்கு வேண்டும் என்று கேட்டாள். நான் அங்கே இருந்தேன். கேட்கும்போது அவள் குரல் பிசிறவில்லை.

"எந்தப் புல்லை எப்ப வெட்டணும், எங்கன தண்ணி கட்டி நிக்கும், எல்லாம் எனக்குத் தெரியும் முதலாளி. பன்னெண்டு வருசமா தெரியும். சொன்னா கேக்கதுக்குத்தான் ஆளு இல்ல. எழும்பி நின்னு சொல்லுததுக்கு எனக்கு ஒரு எடம் வேணும்."

கமிட்டியில் டைட்டஸ் டாக்டர் என்று ஒருவர். நல்ல ஆட்டக்காரர், அதைவிட நல்ல சட்டக்காரர். "மைதானத்தைப் பார்த்துக்கொள்கிறவருக்கு ஆட்டம் தெரிய வேண்டும்" என்றார் அவர். அதிலிருந்து முதலாளி ஒரு நிபந்தனை கண்டுபிடித்தார். சபிதா பதினெட்டுக் குழியையும் தொண்ணூறு அடியைத் தாண்டாமல் முடிக்க வேண்டும். மாதத்துக்கு ஒரு முறை, மூன்று முறை ஆடலாம். மூன்றில் ஒன்றில் வந்தால் வேலை அவளுக்கு. மூன்றிலும் வராவிட்டால் டிப்ளமோ ஆள். கார்டு எழுதுகிற பொறுப்பு எனக்கு.

முதல் முறை ஆனி மாதத்தில். அன்றைக்குச் சுரிதார் போட்டு வந்திருந்தாள். இடுப்பில் மட்டும் வழக்கம்போல தோர்த்து. "அதை அவிழ்த்துப் போடேன்" என்றேன். "இல்லாம நின்னா துணியில்லாம நின்ன மாதிரி இருக்கு சாரே" என்றாள். நானும் சிரித்துவிட்டு விட்டேன்.

நான் முப்பது வருடம் எத்தனையோ போட்டி பார்த்திருக்கிறேன். அன்றைக்குப் போல ஒரு ஆட்டத்தைப் பார்த்ததில்லை. அயனி மரங்களுக்கு நடுவே அவள் பந்து அரிசி மூட்டையைத் தைக்கிற கோணி ஊசி போல நுழைந்து போனது. எட்டாம் குழியில் சரிவுக்கு எதிர்ப் பக்கமாக அடித்து, சரிவே பந்தைக் கொண்டுவந்து சேர்க்கும்படி செய்தாள். ஓடையில் ஒரு பந்து போனது. அங்கே மட்டும் கண் கலங்கினாள். பதினெட்டாம் குழிக்கு வந்து கிரீனுக்கு வெளியே கொஞ்சம் வளர்ந்த புல்லில் பந்து கிடந்தபோது எண்பத்தாறு அடி முடிந்திருந்தது. சாரல் விழுந்து என் கண்ணாடி மங்கியது. நான் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தபோது அவள் பந்துக்குப் பக்கத்தில் குனிந்து இடம் பார்த்தாள். நான் கண்ணாடியை மாட்டும்போது பந்து கிரீனில் ஏறியிருந்தது. இரண்டு தட்டு. எண்பத்தொன்பது.

முதலாளி கிளப் வாசலில் இருந்து ஓடி வந்தார். "எண்பத்தொன்பதா? எண்பத்தொன்பதா?" என்று என்னைப் பிடித்து உலுக்கினார். ஆபீசில் உட்கார்ந்திருந்த டைட்டஸ் டாக்டர்கூட எழுந்து கைதட்டினார். லட்டுக்கு ஆள் போயிற்று. களை பறிக்கும் பெண்கள் சபிதாவைச் சுற்றிக்கொண்டு, அது என்ன எண்ணிக்கை என்றுகூடத் தெரியாமல் அழுதார்கள்.

கால் மணி நேரம் கழித்து அவள் கொட்டகைக்குப் பின்னால் இருந்து என்னைத் தேடி வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். அதில் ஒரு கோரைப் புல், கிழங்கோடு, ஈர மண்ணோடு.

"சாரே, மடியை உதறப் போனேன். இது விழுந்து. இன்னைக்கு நான் களை பறிக்கவே இல்லியே."

"அதுக்கு?"

"பதினெட்டாங் குழியில, பந்துக்குப் பின்னால ஒரு கோரை நின்னுது. இப்பத்தான் நினைப்பு வருது. எனக்க கை பறிச்சு மடியில போட்டிருக்கு சாரே. நான் அறியல்ல. கைதான் செய்திருக்கு." அவள் என் முகத்தையே பார்த்தாள். "அப்படிப் பறிச்சா ஏதும் குத்தம் உண்டா?"

உண்டு. பந்துக்கு அருகே முளைத்து நிற்கிற எதையும் பறித்து அடிக்க வசதி செய்துகொண்டால் இரண்டு அடி தண்டம். தெரியாமல் செய்தாலும் தண்டம் தண்டம்தான். எண்பத்தொன்பது தொண்ணூற்றொன்றாகிவிடும். அந்தச் சட்டம் தெரிந்த இன்னொரு ஆள் ஆபீசுக்குள் லட்டு தின்றுகொண்டிருந்தார். வெளியே இருந்தது நான் மட்டும்.

பெற்ற மகனை வெளியே அனுப்பிய வாய் இது. அந்த வாய் சொன்னது: "ஒண்ணும் இல்ல மக்ளே. அதெல்லாம் கணக்கில்ல. போய் லட்டு தின்னு."

"நல்லாத் தெரியுமா சாரே?"

"எனக்குத் தெரியாத சட்டமா?"

அவள் முகம் அப்படி மலர்ந்தது. "நீங்க சொன்னா செரி" என்று கோரையைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போனாள். நான் செய்ததை நினைத்து எனக்கே பேயறைந்தது போல் இருந்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சுகம். பெரிய தர்மம் செய்துவிட்டதாகத்தான் அன்றைக்கு வீட்டுக்குப் போனேன்.

அவள் மேற்பார்வையாளர் ஆனாள். நான்கு மாதத்தில் மைதானம் மாறிப்போனது. எட்டாம் குழியில் தண்ணீர் கட்டாமல் ஒரு சின்ன வாய்க்கால் வெட்டினாள். வெட்டும் நேரத்தை மாற்றினாள். திருவனந்தபுரத்துக்காரர்களே "இங்கே என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார்கள். அவள் இடுப்பில் தோர்த்துக்குப் பக்கத்தில் பம்ப் அறைச் சாவிக்கொத்து தொங்கியது.

ஐப்பசியில் உறுப்பினர்களுக்குள் ஒரு போட்டி நடந்தது. ஆறாம் குழியில் டைட்டஸ் டாக்டரோடு ஆடிய ஒரு விருந்தாளி, பந்துக்குப் பின்னால் நின்ற ஒரு கொத்துப் புல்லைப் பிடுங்கி எறிந்துவிட்டார். டாக்டர் விடுவாரா? இரண்டு அடி தண்டம் என்றார். விருந்தாளி இல்லை என்றார். பக்கத்தில் சபிதா நின்றிருந்தாள்.

அவளிடம் யாரும் கேட்கவில்லை. ஆனாலும் தன் பொறுப்பு என்று நினைத்துச் சொன்னாள்: "அதுக்குத் தண்டம் ஒண்ணும் இல்ல சார். நான் கேட்டு வச்சிருக்கேன்."

டாக்டர் சிரித்தார். "யாரிடம் கேட்டாய்?"

"ஞானசிங் சாருகிட்ட."

அவர்கள் மூன்று பேரும் ஆபீசுக்கு வந்தார்கள். முதலாளியும் அங்கே இருந்தார். நான் கார்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்தேன். டாக்டர் என் மேசையில் கையை ஊன்றி, பந்துக்குப் பின்னால் உள்ள புல்லைப் பறித்தால் தண்டம் உண்டா இல்லையா என்று கேட்டார். சபிதா என்னைப் பார்த்துச் சிரித்தபடி நின்றாள். நான் அவளுக்குச் சாதகமாகச் சொல்லப் போகிறேன் என்ற நம்பிக்கை அவள் முகம் முழுக்க இருந்தது.

சட்டப் புத்தகம் மேசை மேலேயே கிடந்தது. என்ன சொல்ல முடியும்?

"ரெண்டு அடி" என்றேன்.

அந்தச் சிரிப்பு எப்படி அணைந்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. அவள் ஒரு அடி பின்னால் போனாள். சுவரில் முதுகு பட்டது. விருந்தாளி முணுமுணுத்துக்கொண்டு வெளியே போனார், டாக்டரும் கிளம்பி வாசல் பக்கம் திரும்பினார். அப்போது அவள், "முதலாளி" என்று கூப்பிட்டாள்.

"ஆனி மாசம் நான் ஆடுன ஆட்டத்துல, பதினெட்டாங் குழியில, இதே மாதிரி ஒரு கோரையைப் பறிச்சேன். எண்பத்தொன்பது இல்ல முதலாளி. தொண்ணூத்தொண்ணு." இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்து மேசையில் வைத்தாள்.

முதலாளி நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "அன்னைக்கே எதுக்கு நீ சொல்லல்ல?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. "அறியாம போச்சு" என்றாள்.

அவ்வளவுதான். என்னைக் காட்டிக்கொடுக்க ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தையை அவள் சொல்லவில்லை. எனக்கு அதற்கு மேல் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"அவ அன்னைக்கே எனக்கிட்ட கேட்டா" என்றேன். "குத்தம் இல்லன்னு நான்தான் சொன்னேன். தெரிஞ்சுதான் சொன்னேன்."

வாசல்வரை போன டைட்டஸ் டாக்டர் திரும்பி வந்தார். முதலாளி, "சாரே... நீங்களா?" என்றார். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பாவம்லா, கைக்கு வந்தது போயிருமேன்னு..." என்று இழுத்தேன்.

"பாவமா?" என்றாள் சபிதா.

இத்தனை நாளில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

"எனக்கு இன்னும் ரெண்டு ஆட்டம் கெடந்துல்லா சாரே? தொண்ணூத்தொண்ணுன்னு சொல்லியிருந்தா அடுத்த மாசம் ஆடியிருப்பேன். அதுலயும் போனா அதுக்கடுத்த மாசம் ஆடியிருப்பேன். என்னால இன்னொருக்கா முடியாதுன்னு நீங்க எதுக்கு முடிவு பண்ணினிய?"

அந்தக் கேள்வி என்னை அடித்த அடியை என்னவென்று சொல்வது. மூன்று ஆட்டம் என்பதைக் கார்டில் எழுதியவனே நான். அன்றைக்குக் கொட்டகைக்குப் பின்னால் எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. வராததற்குக் காரணம் இப்போதுதான் எனக்குப் புரிந்தது. எட்டாம் குழியில் அவள் அடித்த அடியை என் கண்ணால் பார்த்துவிட்டும், அது என்னவோ ஒரு நாள் வாய்த்த அதிர்ஷ்டம் என்றுதான் என் மனது நினைத்திருக்கிறது. இரக்கம் என்று நான் கொண்டாடியது அதைத்தான்.

அவள் முதலாளி பக்கம் திரும்பினாள். "மிச்சம் ரெண்டு ஆட்டமும் எனக்கு வேணும் முதலாளி. வேலையை அதுக்கப்புறம் தாருங்க. கார்டு வேற ஆளு எழுதட்டும்."

அடுத்த திங்கட்கிழமை அவள் ஆடினாள். ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கும் ஜாஸ்மி கார்டு எழுதப் போனாள். கூடவே சட்டம் பார்க்க டைட்டஸ் டாக்டரும் போனார். நான் போகக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் போகவில்லை. ஜன்னல் வழியாகப் பதினெட்டாம் குழியின் கொடி மட்டும் தெரியும். நான்கு மணி நேரம் அந்தக் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் கொடிக்குப் பக்கத்தில் மூன்று பேர் வந்தார்கள். அவள் கடைசித் தட்டுத் தட்டியதும் டாக்டர் தொப்பியைக் கழற்றுவது தெரிந்தது.

ஜாஸ்மி கார்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். எண்பத்தாறு. ஓடையில்கூட ஒரு பந்தும் போகவில்லை. என் கை தானாகவே பென்சிலை எடுத்தது. ஒவ்வொரு குழியாகக் கூட்டினேன். எண்பத்தாறு. வேறு யாருடைய கார்டையும் நான் இரண்டாம் தடவை கூட்டியதில்லை, இதைக் கீழே இருந்து மேலாகவும் கூட்டினேன். அதே எண்பத்தாறு.

சபிதா சாவிக்கொத்தை எடுக்க உள்ளே வந்தாள். காலில் புல் ஒட்டியிருந்தது. நான் எழுந்து நின்றேன். வாழ்த்துச் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"கூட்டிப் பாத்தாச்சா சாரே?" என்றாள்.

"பாத்தேன்."

"எத்தனை தடவ?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ரெண்டு தடவ" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு, சாவிக்கொத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு, பம்ப் அறையைத் திறக்கப் போனாள்.